உருட்டன் எடுத்துவைத்த உருண்டை

ஓடைக்கரைப் புதரில் கூரி என்றொரு முள்ளம்பன்றி மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. கூரிக்கு எப்போதும் அலுப்பு. இரவெல்லாம் கிழங்கு தோண்டும். விடிந்ததும் வளைக்கு வந்து குட்டிகளைத் தூங்க வைக்கும். அதற்குப் பிறகுதான் அதனால் கண்ணை மூட முடியும்.

மூத்ததும் நடுக்குட்டியும் படுத்ததும் தூங்கிவிடும். கடைக்குட்டி பொடிசு மட்டும் தூங்காது. அதற்கு அப்பா குரல் வேண்டும்.

அப்பா முள்ளம்பன்றி ஒரு மழைநாளில் தார் ரோட்டைத் தாண்டப் போனது. திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு நாள், விளையாட்டாகத் தன் குரலைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தது. முதலில் வால் முள்ளை ஆட்டும் சத்தம், சலக் சலக். பிறகு, "தூங்குடா பொடிசு. அப்பா வாசல்லதான் நிக்கிறேன்." அவ்வளவுதான். அதைப் போட்டால் பொடிசு தூங்கிவிடும்.

அந்தக் குரல் 'வீடு' என்ற ஃபோல்டரில் இருந்தது. கூரி தினமும் அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகல் எடுக்கும். அலுப்பில் பாதி நாள் மறந்து போகும். ஒரு நாள் மூத்த குட்டி பென்டிரைவைக் கிழங்கு என்று நினைத்து மென்றுவிட்டது.

கூரிக்குப் பகீரென்றது. ஓடைக்குப் போய், "நான் மறந்தாலும் தானா நகல் எடுக்கிற சாஃப்ட்வேர் யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டது. கூச்சத்தில் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஆனாலும் இரண்டு பேர் காதில் விழுந்தது.

முதலில் கூரியின் வளைக்கு வந்தது உருட்டன் என்ற சாணி வண்டு. உருண்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே வந்து சேர்ந்தது.

"தாயி, நம்ம சாஃப்ட்வேர் பார்க்க அழகா இருக்காது. ஆனா தினம் ஒரு தடவை உங்க ஃபோல்டரை உருண்டையா உருட்டி என் வளையில வச்சிரும். நேத்து உருண்டை வேற, இன்னிக்கு உருண்டை வேற. ஒண்ணுக்குள்ள ஒண்ணைக் கலக்க மாட்டேன்."

சொல்லும்போதே முதல் உருண்டையை உருட்டிவிட்டது.

"இந்தா, எடுத்தாச்சு. இப்ப உங்க ஃபோல்டர்ல ஏதாவது ஒண்ணை அழிங்க."

"அழிக்கவா!" கூரிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "தொலையக் கூடாதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"வேண்டாத படமா ஒண்ணு அழிங்க போதும். எடுக்கிறது பெரிசில்ல தாயி. திருப்பித் தர முடியுதான்னு பார்க்கணும். அரை நாள் ஆகும்."

அரை நாளா! கூரி தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

அதற்குள் ஆலமரத்திலிருந்து மயில் ஒன்று இறங்கி வந்தது. அதன் பெயர் தோகையன்.

"கூரியக்கா! சாணி தள்ளுறவன் கையில வீட்டைக் குடுப்பீங்களா? பேரே உருட்டன். அவன் சொல்றதெல்லாம் உருட்டு, சுத்தப் பொய்!"

குட்டிகள் கெக்கெக்கென்று சிரித்தன. கூரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம சாஃப்ட்வேர் பேரு ஓடைக்கண்ணாடி," என்று தோகையை விரித்தது மயில். "இங்க என்ன இருக்கோ, மரத்து உச்சியில இருக்கிற என் பெட்டியிலயும் அதே இருக்கும். நிமிஷத்துக்கு நிமிஷம்! ஒரே ஒரு தடவை இந்தப் பொத்தானை அமுக்குங்க. அப்புறம் நீங்க நிம்மதியாத் தூங்குங்க!"

நிம்மதியாத் தூங்குங்க. அதற்கு முன்னால் மயில் சொன்னது எதுவும் கூரியின் மனதில் நிற்கவில்லை. பொத்தானை அமுக்கியது. திரையில் பச்சை மயிலிறகு ஒன்று மின்னியது. அதன் கீழே 'பத்திரம்!' என்று எழுத்து வந்தது.

"எடுத்த உருண்டையை என்ன செய்யட்டும் தாயி?" என்று கேட்டது உருட்டன்.

"எங்கயாவது கொண்டு போய்ப் போடுங்க," என்றது கூரி, கொட்டாவிக்கு நடுவே.

வண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே போய்விட்டது.

ஆறு மாதம் ஓடியது. மூத்த குட்டிக்கு முதல் முள் உதிர்ந்தது, கூரி படம் எடுத்து வைத்தது. நடுக்குட்டி ஓடையில் விழுந்து எழுந்து வந்த கோலத்தையும் எடுத்து வைத்தது. "அம்மா அலுப்பு" என்று பொடிசு புதிதாகச் சொல்லப் பழகியதைப் பதிந்து வைத்தது. தினமும் விடிந்ததும் பச்சை இறகைப் பார்க்கும். 'பத்திரம்!' கூரி படுத்துவிடும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் நடுக்குட்டிக்கு முதுகு அரித்தது. கம்ப்யூட்டரின் விசைப்பலகை மேல் மல்லாந்து படுத்து நன்றாகத் தேய்த்துக்கொண்டது.

'வீடு ஃபோல்டரை அழிக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். முதுகு 'ஆம்' என்றது.

'நிச்சயமாகவா?' முதுகு அதற்கும் 'ஆம்' என்றது.

'திரும்பக் கிடைக்காதே?' 'ஆம், ஆம், ஆம்.'

கூரி எழுந்து வந்தபோது 'வீடு' இல்லை. பச்சை இறகு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. 'பத்திரம்!'

"போனா போகுது, மயிலு பெட்டியில இருக்குமே," என்று கூரி ஓடைக்கு நடந்தது. தோகையன் தண்ணீரில் தன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, பிள்ளை ஃபோல்டரை அழிச்சிருச்சு. உங்க பெட்டியில இருக்கிறதைக் குடுங்க."

மயில் மரத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தது. "இல்லையேக்கா!"

"எப்படி இல்லாம போகும்?"

"இங்க என்ன இருக்கோ அங்கயும் அதேன்னு சொன்னேன்ல? உங்க வளையில அழிஞ்சுது, என் பெட்டியிலயும் அழிஞ்சுது. ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்ல!" மயில் பெருமையாகத்தான் சொன்னது.

"பத்திரம்னு போட்டிருந்துச்சே தம்பி?"

"என் வேலை பத்திரமா நடக்குதுன்னு அர்த்தம்க்கா."

பேசும்போதே மயிலின் தோகையில் ஓர் இறகு உதிர்ந்தது. தண்ணீரில் தெரிந்த மயிலுக்கும் ஓர் இறகு குறைந்தது. கூரி அதைப் பார்த்தது. சண்டை போடத் தெம்பில்லை. திரும்பி நடந்தது.

வளையில் பொடிசு அழுதுகொண்டிருந்தது. "அப்பாவைப் போடும்மா!"

கூரி இருட்டான மூலையில் போய் நின்றுகொண்டு வால் முள்ளை ஆட்டியது. சலக் சலக். குரலைத் தடிமனாக்கி, "தூங்குடா பொடிசு. அப்பா வாசல்லதான்..." என்றது.

"இது நீ," என்றது பொடிசு.

அதற்கு மேல் கூரியால் அங்கே நிற்க முடியவில்லை. வெயிலில் நடந்து வண்டின் வளைக்குப் போனது. வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டது. எப்படிக் கேட்பது?

"வண்டண்ணே... அன்னிக்கு ஒரு உருண்டை... தூக்கிப் போட்டிருப்பீங்க..."

"போடச் சொன்னீங்க, போட்டேன். என் வளைக்குள்ளதான் போட்டேன். உருண்டையை நான் வேற எங்க போடுவேன் தாயி?"

கூரி தலையை நிமிர்த்தியது.

உருட்டன் அந்தப் பழைய உருண்டையைக் கூரியின் வளைக்குத் தள்ளிக்கொண்டு வந்து பிரித்தது. பிரிக்க அரை நாள் ஆனது. அன்றைக்கு அதிகம் என்று நினைத்த அதே அரை நாளைக் கூரி கண் கொட்டாமல் உட்கார்ந்து கழித்தது.

சலக் சலக். "தூங்குடா பொடிசு. அப்பா வாசல்லதான் நிக்கிறேன்."

பொடிசு ஒரு விக்கல் விக்கிவிட்டுத் தூங்கிப் போனது.

கூரி ஃபோல்டரில் மேலும் கீழும் தேடியது. உதிர்ந்த முள்ளின் படம் இல்லை. ஓடையில் நனைந்த குட்டி இல்லை. "அம்மா அலுப்பு" இல்லை.

"அதெல்லாம் அந்த உருண்டைக்கு அப்புறம் வந்தது தாயி," என்றது உருட்டன் மெதுவாக. "அதுக்குப் பிறகு நீங்க உருட்டச் சொல்லல."

"தெரியுதுண்ணே."

நடுக்குட்டி எட்டிப் பார்த்தது. "ஏம்மா, அப்ப மயிலு சொன்ன மாதிரி உருட்டன் மாமா உருட்டலையா?"

"இல்லடா. உருட்டினது வேற ஆளு. கேட்டு ஏமாந்தது நான்."

கூரி கண்ணைத் தேய்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. "அண்ணே, புதுசா ஒரு உருண்டை எடுங்க. நான் ஒரு படத்தை அழிக்கிறேன். திரும்பி வருதான்னு பார்ப்போம்."

"அரை நாள் ஆகும் தாயி. நீங்க தூங்கலையா?"

"பார்த்துட்டே தூங்குறேன்," என்றது கூரி.

பத்திரமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், அதை நம்பிக் கண்ணை மூடும் முன் ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.