குடல் நரம்பு ஒளித்துவைத்த தமுக்கு

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருப்பவை எல்லாம் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது சடைச்சி என்றொருத்தி இருந்தாள். அவள் உடம்பில் அக்கா தங்கையாக இரண்டு நரம்புகள். அக்காவுக்குத் தோலில் வேலை, தங்கைக்குக் குடலில் வேலை. நடப்பதை மூளைக்குச் சொல்வதுதான் இருவருக்கும் தொழில்.

அக்கா கொடுத்துவைத்தவள். காலில் முள் குத்தி அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், கை ஓடிவந்து முள்ளை எடுத்து இதமாகத் தடவிவிடும். வாய் குனிந்து ஊதிவிடும். தங்கையோ, "சோறு வந்தது, கரைந்தது, கீழே போனது" என்று நாள் முழுக்க முணுமுணுப்பாள். மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. சடைச்சியால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததே அதனால்தான். ஆனால் பொறாமை பிடித்தவளுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப்போகிறது?

"எனக்கு மட்டும் ஏன்க்கா கை வரமாட்டேங்குது?" என்று கேட்டாள் தங்கை.

"உனக்கென்னடி குறை? நிழல்ல உக்காந்திருக்கே. முள்ளும் வெயிலும் படுறவ நான்தானே."

"கொஞ்சல் வாங்குறவளும் நீதானே!"

தங்கைக்கு வயிறெரிந்தது. குடலிலேயே குடியிருப்பவளுக்கு வயிறெரிந்தால் கேட்கவா வேண்டும்!

ஒருநாள் சடைச்சி கெட்டுப்போன மீன்குழம்பைத் தின்றுவிட்டாள். குடலுக்குள் கிருமிகள் புகுந்தன. அவற்றை விரட்ட அழல் வந்தான். பகை புகுந்த இடத்துக்கு வந்து சுட்டு விரட்டுவது அவன் வேலை. அவன் கையில் ஒரு தமுக்கு இருந்தது. அதைத் தங்கையிடம் கொடுத்தான்.

"நான் இருக்குற வரைக்கும் இதை அடிச்சு மூளைக்குச் சொல்லு. சின்ன அசைவையும் பெரிசாச் சொல்லு. சடைச்சி ஒண்ணும் தின்னாம படுத்துக் கிடந்தாத்தான் என் வேலை நடக்கும். போகும்போது திருப்பிக் குடுத்துடணும்."

தங்கை அடித்தாள். சடைச்சி சுருண்டு படுத்தாள். மூளை பதறியது. கை ஓடிவந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கை தன் பக்கம் வந்ததைத் தங்கை அதுவரை கண்டதே இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலாம் நாள் கிருமிகள் ஒழிந்தன. அழல் கிளம்பினான்.

"தமுக்கு எங்கே?"

"தொலைஞ்சு போச்சு அண்ணே." குடலின் ஒரு மடிப்பில் அதைச் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள் அவள்.

"நல்லாத் தேடு. நான் ரொம்ப நேரம் நின்னா இந்தக் குடலே வெந்து போயிடும்."

"தேடிட்டேன். இல்லை."

அழலால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. வெறுங்கையோடு போய்விட்டான்.

மறுநாள் சடைச்சி பசியோடு ஒரு வாய் கஞ்சி குடித்தாள். தங்கை தமுக்கை எடுத்து அடித்தாள். கொஞ்சம் காற்று நகர்ந்தது. அதற்கும் அடித்தாள். சடைச்சிக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. மாதம் திரும்புவதற்குள் ஆள் பாதியாகிவிட்டாள்.

"அழல் சுட்ட புண்ணெல்லாம் ஆறிடுச்சேடி, இன்னும் ஏன் அடிக்கிறே? அவ செத்துருவா போலிருக்கு," என்று கெஞ்சினாள் அக்கா.

"கை வருதில்ல? எனக்கு அது போதும்."

அக்காவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னாள். "அது உங்கிட்ட வரலைடி. வயித்து மேல இருக்கறதும் தோல்தானே? இத்தனை நாளா அது தடவினது என்னைத்தான்."

தங்கை தமுக்கை முன்னைவிட ஓங்கி அடித்தாள்.

அன்று முதல்தான், குடல் அழற்சி வந்துபோன சிலருக்குப் புண் ஆறிய பிறகும் ஒரு வாய் கஞ்சிக்கே வயிறு வலிக்கிறது. கை ஓடிப்போய் வயிற்றைத் தடவுகிறது. சுகமெல்லாம் அக்காவுக்கே போகிறது.