பொற்கொடி கேட்ட வாய்தா

"பொம்பளைப் பிள்ளைங்க கேஸ் கட்டைப் படிக்கலாம், தூக்கலாம். வாதாடுறது ஆம்பளை வேலை." வக்கீல் திருவேங்கடம் தன் ஜூனியர் பொற்கொடிக்கு ஓயாமல் சொல்லும் புத்திமதி இது. ஒருநாள் அவரே கட்டைப் பிரிக்காமல் கோர்ட்டுக்கு வந்துவிட்டார்.

"வாய்தா வாங்கு. பொய் சொன்னா நீதிபதியம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. நான் படிக்கலைன்னும் சொல்லிடாதே" என்று கடைசி வரிசையில் பதுங்கினார்.

பொற்கொடி எழுந்தாள். "அம்மா, கட்டை முழுசாப் படிச்சது நான். பொம்பளை வாதாடக் கூடாதுன்னு எங்க சீனியர் சொல்லியிருக்கார். அதனால, ஒரு ஆம்பளை படிச்சு முடிக்கிற வரைக்கும் வாய்தா வேணும்."

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கடைசி வரிசையைப் பார்த்தார். "வாய்தா கிடையாது. படிச்சவங்களே பேசுங்க."

அவள் பேசப் பேச எதிர்த்தரப்பு வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினார். கேஸ் ஜெயித்தது. கட்சிக்காரர்கள் பொற்கொடியைச் சூழ்ந்துகொண்டு வெளியே போனார்கள்.

பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் திருவேங்கடம்.