மாராத்தாள் வளர்த்த செவ்வரளி

லாரித் தண்ணீர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு மண்டை உடையச் சண்டை போடுவார்கள். அதே ஆட்கள், குளித்த தண்ணீர் தெருவில் ஓடி வீணாவதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இந்தக் காலத்து பக்தியும் அப்படித்தான். கோயிலில் உருண்டு புரள்வார்கள். வெளியே வந்ததும் அடுத்தவன் செருப்பு நன்றாயிருந்தால் மாட்டிக்கொண்டு போவார்கள். ஆகையால் நான் யாரையும் சட்டென்று அடியார் என்று சொல்லிவிடமாட்டேன். மாராத்தாள் அம்மையாரைச் சொல்வேன்.

அம்மையார் காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்தவர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. துலக்கிய தண்ணீரையும் அந்த வீட்டார் குளித்த தண்ணீரையும் கேட்டு வாங்கி, குடம் குடமாகத் தம் குடிசைக்குச் சுமந்து போவார். கொல்லையில் ஒரு குழி வெட்டி, ஜல்லியும் கரியும் மணலும் போட்டு, மேலே கல்வாழை நட்டிருந்தார். ஊற்றினால் அழுக்கு அதில் தங்கிவிடும். தெளிந்த நீர் செவ்வரளிக்குப் போகும். வெள்ளிதோறும் அந்தப் பூவைத் தொடுத்துச் செல்லாண்டியம்மனுக்குக் கொடுப்பார். மழை பொய்த்து ஊரே கருகிக் கிடந்தபோது அவர் கொல்லை மட்டும் சிவந்து நின்றது.

அது பொறுக்குமா? தர்மகர்த்தா சென்னியப்பன் மாலையைக் கோயில் வாசலிலேயே மறித்தார்.

“ஏனாத்தா, ஊரான் முதுகு தேச்ச தண்ணியில வளந்த பூவையா ஆத்தா கழுத்துல போடறே?”

“ஆத்தாளைக் குளிப்பாட்டுன தண்ணியும் அக்கட்ட நந்தவனத்துக்குத்தானுங்களே போவுது?”

“அவ குளிக்கறதும் நாட்ராயன் குளிக்கறதும் ஒண்ணா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மையார் பாத்திரம் துலக்கும் வீட்டுக்காரன் நாட்ராயனும் சிரித்தான்.

அம்மையார் முகம் சுளிக்கவில்லை. “வேண்டாம்னு ஆத்தா சொல்லட்டுமுங்க. அத்தனை செடியையும் நானே புடுங்கிப் போட்டர்றேன்” என்றார்.

பூவாக்குக் கேட்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஈரப் பூவை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டி வைப்பார்கள். வலப்பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் மறுப்பு.

அடுத்த வெள்ளி ஊரே கோயிலில் நெருக்கியடித்தது. நான் இடித்துத் தள்ளிச் சந்நிதிக்கு நேராகப் போய் நின்றேன். பூசை செய்யும் பண்டாரத்தின் விரல்மேல் எனக்கு ஒரு கண். அவர் அம்மையாரின் அரளியை ஒட்டிவிட்டு வெளியே வந்து கைகட்டி நின்றார். அழுத குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். ஒருவரும் இருமவில்லை.

இடப்பூ அசைந்தது.

கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தது. பூ வழுக்கிற்று, தோளை விட்டது, முழங்கைக்கு வந்தது. சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். அம்மையார் கண்ணைக்கூட மூடவில்லை. “உன்ற இஷ்டம் ஆத்தா” என்று மட்டும் சொன்னார். பூ அம்மனின் கைக்காப்பில் மாட்டிக்கொண்டு தொங்கியது. தொங்கியது, விழவில்லை. எல்லார் கண்ணும் அங்கே இருக்கும்போதே வலத்தோள் பூ விருட்டென்று உருண்டு தட்டில் விழுந்தது.

குலவை கிளம்பிற்று பாருங்கள், கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. பண்டாரம் ஓடிவந்து அம்மையார் கையிலிருந்த மாலையை வாங்கி அம்மனுக்குச் சாத்தினார். தர்மகர்த்தாவின் சம்சாரமே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“நாளையிலிருந்து எங்கூட்டுத் தண்ணியும் உனக்குத்தான் ஆத்தா.”

“சோப்புத் தண்ணி செடிக்கு ஆகாதுங்க அம்மிணி. சீயக்காய் தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க” என்றார் அம்மையார், சென்னியப்பனைப் பார்த்துக்கொண்டே.

ஊர் முழுக்க அற்புதம் அற்புதம் என்றது. நானும் என்னை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது உண்மை. ஆனாலும் ஈரம் காய்ந்தால் பூ விழத்தான் செய்யும். எந்தப் பக்கம் முதலில் காயும் என்று யார் கண்டது? பண்டாரம் என்னிடம் திருநீற்றுத் தட்டை நீட்டி, “இப்பவாச்சும் நம்பறீங்களா?” என்றார்.

“ஊரான் அழுக்கைச் சொமந்து பூவாக்குன அந்தம்மா பெரியவங்க, பண்டாரம். அதுக்கு ஒரு பூ உழுந்துதான் தெரியோணுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு நான் நடையைக் கட்டினேன்.