விரால் கேள்வி கேட்பதை விட்ட கதை

அந்தக் காலத்தில் மீனும் பேசும், பாம்பும் பேசும், தூண்டில் முள்ளில் குத்திய தவளைகூடப் பேசும். அதனால் கண்மாயில் ஒரு வழக்கம் இருந்தது. எதன் மேல் வாய் வைப்பதானாலும் முதலில் "யாரு?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை கடிக்கக் கூடாது. கேட்காமல் கடித்த மீனோடு வேறு எந்த மீனும் சேர்ந்து நீந்தாது.

இந்த வழக்கத்தால் நொந்துபோனவன் கரையில் தூண்டில் போடும் சோணை. அவன் தவளையைக் குத்தி எறிவான். விரால் வந்து "யாரு?" என்று கேட்கும். "தவளை! முள்ளுல மாட்டிக் கெடக்கேன், ஓடிப்போயிரு!" என்று அது கத்தும். விரால் போய்விடும். வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனால், "இன்னைக்கும் தவளை பேசிருச்சாக்கும்?" என்று கேட்டுச் சிரிப்பாள் அவன் பெண்டாட்டி பேச்சி.

அந்த வருஷம் மழை நின்ற கையோடு கறுப்பாயி என்னும் விரால் குஞ்சு பொரித்தாள். சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். அவள் அடியில் நின்று காவல் காத்தாள். இரை பக்கமே போகவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சோறு நினைப்பா வரும்?

ஒரு காலையில் கோரைப் புல்லுக்குள் ஏதோ நெளிந்தது. கறுப்பாயி பாய்ந்து போய் நின்றாள். கடித்திருக்கலாம். ஆனால் வழக்கம் இருக்கிறதே.

"யாரு?"

"நான் கோரைத் தண்டுக்கா. காத்துல ஆடுறேன்."

அதுவரை அந்தக் கண்மாயில் யாரும் பொய்ப் பதில் சொன்னதில்லை. அவள் நம்பித் திரும்பினாள். ஒரு சுற்று வருவதற்குள் "அம்மா!" என்று குஞ்சுகள் அலறின. திரும்பி விழுந்தடித்து வந்தாள். திரளுக்கு நடுவே தண்ணீர்ப் பாம்பு நெளியன் கிடந்தான்.

"யாரு?" என்றாள். பதில் இல்லை.

"யாருடா? சொல்லு!"

எப்படிச் சொல்வான்? அவன் வாய் நிறைய அவள் பிள்ளைகள். பதில் வராமல் கடிக்கக் கூடாது. அவள் எதிரிலேயே நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் விழுங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் வாயில் இருந்தது தொண்டைக்குள் இறங்கியதும், "தண்ணிப்பாம்புக்கா" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுக் கோரைக்குள் நழுவினான். குஞ்சுகளில் பாதி இல்லை.

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வழக்கம் என்று வைத்தவர்கள் பொய்யனுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை பாருங்கள்.

மறுநாளும் கோரை அசைந்தது. குஞ்சுகள் அவள் வயிற்றடியில் ஒண்டின. கறுப்பாயி அசையாமல் நின்றாள். நீர்மட்டத்தில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து வந்தது. இன்னும் கிட்டே. இன்னும் கிட்டே. அவள் கேட்கவில்லை. கீழிருந்து ஒரே பாய்ச்சல். தண்ணீர் வெடித்துச் சிதறியது. நெளியனின் வால் துண்டு அவள் வாயில் இருந்தது. மிச்சப் பாம்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது.

"கேக்காமக் கடிச்சிட்டியேடி!" என்று பக்கத்தில் கிடந்த ஆமை பதறியது.

"நேத்து கேட்டேன்ல. பாதிப் பிள்ளைய வாரிக் குடுத்துட்டேன்" என்றாள் கறுப்பாயி. வாலை மெல்லவும் இல்லை, துப்பிவிட்டாள்.

கரையிலிருந்த சோணை இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தவளையை அவிழ்த்து விட்டான். தலைத்துண்டின் ஓரத்தை நீளமாகக் கிழித்தான். முறுக்கி, சேற்றில் புரட்டி, நடுவில் முள்ளைக் கட்டினான். துணிக்கு ஏது வாய்? அது யாரையும் எச்சரிக்காது. அதைக் கோரையோரம் எறிந்து, நெளிய நெளிய இழுத்தான்.

மறுபடியும் கறுப்பாயி பாய்ந்தாள். முள் தாடையில் ஏறியது. தண்ணீருக்குள் எவ்வளவோ முரண்டு பிடித்துப் பார்த்தாள். சோணை இழுத்துக் கரையில் போட்டான். அவள் வாயில் துணி.

"நேத்து தவளையத் தொடலையே. இந்தக் கந்தலத் திங்கவா வந்த?" என்று கேட்டான்.

"திங்கவா கடிச்சேன்?" என்று மூச்சுத் திணறினாள் அவள். "அங்க பாருய்யா."

சோணை பார்த்தான். காவலில்லாத தண்ணீரில் சிவப்புத் திரள் தாயைத் தேடிச் சிதறிக்கொண்டிருந்தது. தூரத்தில் கோரை லேசாக அசைந்தது. அவன் முள்ளைக் கழற்றி அவளைத் தண்ணீரில் விட்டான்.

"இனிமே பாத்துக் கடி, தாயீ. நான் விட்டேன். எல்லாரும் விட மாட்டாக. துணியக் கட்டிப் போடுவாக."

திரளை நோக்கிப் பாய்ந்தவள் ஒரு கணம் திரும்பினாள்.

"பாத்துக்கிட்டு நின்னா என் பிள்ளைக இருக்காது. துணியா இருந்தா நான் ஒருத்தி போவேன். பாம்பா இருந்தா அத்தனையும் போகும். நான் கடிக்கத்தான் செய்வேன்."

மீனை விட்ட சோணையால் வாயைக் கட்ட முடியவில்லை. வெறுங்கூடைக்குக் காரணம் கேட்ட பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னான். பேச்சி ஊருக்கே சொன்னாள்.

அன்று முதல்தான் விராலுக்குப் பாம்பு போல் நெளியும் தூண்டில் போடுகிறார்கள். அன்று முதல்தான் குஞ்சு காக்கும் விரால், பசியே இல்லாவிட்டாலும், யாரென்று கேட்காமல் அதைக் கடிக்கிறது.