உப்புச் சாடியின் துணி

பங்குனி முழுவதும் மடத்தில் உப்பில்லா விரதம். சமையலறை உப்புச் சாடியின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். கட்டுவதும் காப்பதும் திருவம்பலத்தின் வேலை. அறுபதைத் தாண்டிய சீடர். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதை மடத்தில் யாரும் பேசுவதில்லை.

அந்தப் பங்குனியில்தான் மடத்துக்குக் கிணறு வெட்டினார்கள். மாடக்கண்ணு உள்ளே பாறை உடைத்தான். அவன் மனைவி பேச்சி மேலே நின்று மண் இழுத்தாள். சாப்பாடு மடத்தில்.

ஒரு மதியம் அவனைக் கயிற்றில் கட்டித் தூக்க வேண்டியதாயிற்று. தொடை கல்லாக இறுகிக் கிடந்தது. வாய் என்னவோ உளறியது.

திருவம்பலம் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தார். குரு வந்து செம்பைப் பிடுங்கினார்.

"வெறும் தண்ணீர் இனி இவனைக் கொல்லும்."

"தாகம், சுவாமி."

"குடம் குடமா குடிச்சாச்சு," என்றாள் பேச்சி. "வந்த நாள்ல இருந்து சப்புன்னு கஞ்சி. ஒரு கல்லு உப்பு கேட்டேன். விரதம்னாரு பெரியவரு. பாறை உடைக்கிறவன் என்ன சாமியாராவா போறான்? கிணத்துல தண்ணி வரும், இவன் இருக்க மாட்டான்."

"மடத்துச் சோறு எல்லோருக்கும் ஒன்றுதான். அதுதான் முறை," என்றார் திருவம்பலம்.

குரு சமையலறைக்குப் போய்ச் சாடியின் துணியைப் பிய்த்து எறிந்தார். கஞ்சித் தண்ணீரில் உப்பைக் கலக்கிக்கொண்டு வந்தார். மாடக்கண்ணுவின் தலையை மடியில் ஏந்தி, மடக்கு மடக்காகப் புகட்டினார்.

வெகுநேரம் கழித்துக் கால் தளர்ந்தது. அவன் கண் பேச்சியைத் தேடியது.

"இன்னும் ரெண்டு கல்லு போடச் சொல்லு."

"பழைய வாய் திரும்பிருச்சு," என்றாள் பேச்சி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திருவம்பலத்துக்குப் பொறுக்கவில்லை.

"பழைய சுவாமி காலத்தில்கூட அந்தத் துணி அவிழ்ந்ததில்லை. விரதம் போச்சே."

மாடக்கண்ணு கழற்றிப் போட்ட சட்டை பக்கத்தில் கிடந்தது. கறுப்புச் சட்டை. முதுகெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் காய்ந்திருந்தது. குரு அதை எடுத்துத் திருவம்பலத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நக்கும்."

"சுவாமி..."

"நக்கும், ஓய்."

நாக்கு நுனியால் தொட்டார். முகம் சுளித்தது.

"என்ன அது?"

"உப்பு."

"நம் கிணற்றுக்காக இவன் கொட்டியது. வாங்கிக்கொண்டபோது நமக்கு விரதம் இல்லை. திருப்பிக் கேட்டபோதுதான் வந்ததா?"