தவளைக்கு ஒரு நிமிட மௌனம்

தவளை, பாம்பு, ஓணான் எல்லாவற்றையும் ஆராய்ந்து காப்பாற்ற என்றே தென்காசிப் பக்கம் ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் அம்பலவாணன். தவளையைப் பற்றி நாளெல்லாம் பேசுவார். தவளை பேசினால் மட்டும் அவருக்கு ஆகாது.

ஒரு மழை மாலையில் ஆண்டுக் கூட்டம். மலையில் பூண்டோடு அற்றுப்போன ஒரு தவளை இனத்துக்கு மௌன அஞ்சலி என்று தலைவர் சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சன்னலுக்கு வெளியே குட்டையில் இருந்த தவளைகள் அப்போது பார்த்துத்தான் தொண்டையைத் திறந்தன.

தலைவர், டீ கொடுக்க வந்த பேச்சித்தாயிடம் பாய்ந்தார்.

"அதுக வாயை இப்பவே மூட வை. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே. அடுத்த தீர்மானமே அந்தக் குட்டையை மூடி கார் நிறுத்த இடம் பண்றதுதான்!"

பேச்சித்தாய் தட்டைக் கீழே வைத்தாள்.

"செத்தது யாருய்யா?"

"தவளை!"

"அப்போ எழவு வீட்டுக்காரங்க வெளிய இருக்கிறவங்கதான். நாம துட்டி கேக்க வந்தவங்க. வந்தவங்க சும்மா நிக்கலாம். சொந்தக்காரங்களை அழாதேன்னு நான் எப்படிய்யா சொல்லுவேன்?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. உடனே அடங்கியது. எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பி, அந்தக் கத்தலைக் கேட்டபடியே அஞ்சலியை முடித்தார்கள்.

குட்டையை மூடச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். தூக்கிய கை அவருடையது ஒன்றுதான். பாவம், அந்தரத்தில் நிற்கிறதே என்று பேச்சித்தாய் அதில் ஒரு டீ டம்ளரைக் கொடுத்தாள்.