முதலிடத்தில் இருந்த பயிற்சிப் பள்ளி

"வாத்தியாரே, கூகுளில் நான்தான் முதலிடம். ஆனால், பழக ஒருத்தியும் வரவில்லை."

இவ்வாறு முறையிட்டவள் அங்கயற்கண்ணி. பாளையங்கோட்டையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்பிக்கும் 'தோகை பயிற்சிப் பள்ளி' அவளுடையது.

கேட்டவன் முகைதீன். இணையதளங்களை, கூகுளில் தேடுவோர் கண்ணில் படச் செய்யும் வித்தையைக் கற்பிப்பவன். அவளைவிட இருபது வயது இளையவன்.

"ஆடி முடிவதற்குள் ஆள் வராவிட்டால், இரண்டு வண்டிகளையும் விற்றுவிடுவேன் என்கிறான் என் தம்பி வள்ளிநாயகம். முதல் போட்டவன் அவன். வாங்குவதற்கு ஆளையும் பார்த்துவிட்டான்."

"முதலிடத்தைக் காட்டுங்கள், அக்கா."

அவள் தன் கைப்பேசியில் தன் பள்ளியின் பெயரை எழுதித் தேடினாள். அவள் பள்ளியே முதலில் வந்தது.

"தினமும் காலையில் பார்த்துவிடுவேன். ஒருநாளும் இறங்கியதில்லை!"



மறுநாள் காலை முகைதீன், பயிற்சி மைதானத்திற்கு ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நான் வண்டி ஓட்டக் கற்றுவிட்டேன். நன்றாக ஓட்டுகிறேன் என்று ஒரு சான்றிதழ் தாருங்கள்."

"எங்கே கற்றீர்கள்?"

"எங்கள் வீட்டு முற்றத்தில். ஒருநாளும் விழுந்ததில்லை."

"நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று யார் சொன்னது?"

"அம்மா."

அங்கயற்கண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்திருந்த எட்டைச் சுட்டிக் காட்டினாள். ஓட்டுநர் உரிமம் கேட்போர், ஆய்வாளர் முன்னிலையில் அத்தகைய எட்டின்மேல் ஓட்டிக் காட்டவேண்டும்.

முகைதீன் ஏறினான். முதல் வளைவிலேயே இடக்கால் தரையைத் தொட்டது. அடுத்த வளைவில் வலக்கால்.

"காலைத் தூக்குங்கள் வாத்தியாரே! இது வண்டியா, நடைவண்டியா?"

"நன்றாகத்தானே வருகிறேன்?"

"நன்றாக வருகிறீர்களா என்று இங்கே யார் கேட்டார்கள்? கோட்டைத் தாண்டினீர்களா, காலை ஊன்றினீர்களா, அவ்வளவுதான். பெற்றவள் பாராட்டத்தான் செய்வாள். உங்களை முன்பின் அறியாத ஆய்வாளரல்லவா..."

வாக்கியத்தை முடிக்காமல் அங்கயற்கண்ணி அப்படியே நின்றாள்.

முகைதீன் இறங்கினான். தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

இம்முறை அவள் தன் பள்ளியின் பெயரை எழுதவில்லை. அவளை அறியாத ஒருத்தி எப்படித் தேடுவாளோ, அப்படி எழுதினாள்: 'பாளையங்கோட்டையில் பெண்கள் ஸ்கூட்டர் பழக.'

முதல் பக்கத்தில் அவள் பள்ளி இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. நான்காம் பக்கத்தின் அடியில் கிடந்தது.

"எனக்குக் கோடு எது, வாத்தியாரே?"

"மைதானம் உங்களுடையது. கோடும் நீங்கள் போடுவதுதான்."

அவள் சுண்ணாம்பு எட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தாள்.

"இந்தத் தேடலில், ஆடி முடிவதற்குள் முதல் பக்கத்திற்கு வரவேண்டும். அங்கே என்னைப் பார்க்கும் நூறு பேரில் ஐந்து பேர் என் தளத்திற்குள் வரவேண்டும்."

"பத்து பேர் வேண்டாமா?"

"பத்து ஆசை. ஐந்துக்கே முதுகு ஒடியும்."

"பார்த்தவர் ஏன் உள்ளே வருவார்?"

தன் பள்ளியின் பெயருக்குக் கீழே தெரிந்த வரியை அவள் படித்தாள்: 'தமிழகத்தின் தலைசிறந்த பயிற்சி நிலையம்.' அதற்கு மேலே இருந்த பள்ளியும் தலைசிறந்தது. கீழே இருந்ததும் தலைசிறந்தது.

அன்றே அந்த வரியை மாற்றினாள்: 'நாற்பது வயதிலும் பழகலாம். பெண் பயிற்சியாளர். காலை ஆறு மணி. வேடிக்கை பார்க்க ஆளில்லாத மைதானம்.'

உயரம் குறைந்தவருக்கு எந்த வண்டி ஏற்றது, விழுந்துவிடும் அச்சம் எப்படிப் போகும் என்று, பழக வருவோர் வழக்கமாகக் கேட்பவற்றுக்கெல்லாம் தளத்தில் விடை எழுதினாள்.

தம்பியிடமும் சொல்லிவிட்டாள்: "நூற்றுக்கு ஐந்து வராவிட்டால், வண்டிகளை விற்றுக்கொள்."

ஆடி முடிந்தது. அக்காவும் தம்பியும் முகைதீனிடம் வந்தனர்.

"முதல் பக்கத்தில் ஆறாம் இடம்," என்றாள் அங்கயற்கண்ணி. "ஆனால், நூற்றுக்கு நான்கு பேர்தாம் உள்ளே வந்தார்கள். தோற்றுவிட்டேன்."

சொன்னபோது அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

"பள்ளியின் பெயரைச் சொல்லித் தேடியவர்களையும் சேர்த்தால்?" என்று கேட்டான் முகைதீன்.

"பன்னிரண்டு. அவர்கள் என்னை ஏற்கெனவே அறிந்தவர்கள். சேர்க்க மாட்டேன்."

"பிறகென்ன? பேச்சுப்படி விற்கவேண்டியதுதானே!" என்றான் வள்ளிநாயகம்.

முகைதீன் அவன் பக்கம் திரும்பினான்.

"நான்கு என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"அக்காதான். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்கத் தெரியுமா? பன்னிரண்டு என்று அவள் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."



வள்ளிநாயகம் தன் அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்து, வண்டிகளை வாங்க இருந்தவரை அழைத்தான்.

"அண்ணாச்சி, வண்டிகள் விற்பனைக்கு இல்லை... என்ன, ஜெயித்துவிட்டாளா? இல்லை அண்ணாச்சி," என்றான், தெருவே கேட்கும்படி. "எங்கள் அக்கா தோற்றுவிட்டாள்!"